ஜீப்பு ஏறுன சங்கதி

போடிநாயக்கனூர்

அடியே கண்ணு,

ஒன் கடுதாசி கெடச்சது. நாலு பக்கம் நலம் விசாரிச்சுட்டு, கடைசி வரியில கேட்டிருக்க பாரு: "அந்தப் புள்ள கல்யாணம் ஏன் நின்னுச்சாம்? ஒங்க டாக்டர்கிட்டதான காட்டுனாக?" ஆஸ்பத்திரியில சீட்டுப் போடுறவளுக்குத் தெரியாமயா இருக்கும்னு நெனப்பு! அவ வந்தாளா வரலையான்னுகூடச் சொல்ல மாட்டேன் போ.

கோவிச்சுக்காத. ஊர்ப்பேச்சு எப்புடிக் கெளம்புதுன்னு வேணாச் சொல்றேன். டாக்டரம்மா வாயத் தொறக்கவே மாட்டாக. "கர்ப்ப டெஸ்ட்டுக்கு வந்தது ஆரு?"ன்னு நாங்க சத்தமாக் கூப்புடுறது, மேசையில விரிச்சுப் போட்ட நோட்டு, லேப் ரிப்போர்ட்ட வாட்ஸ்அப்புல தள்ளிவிடுறது, சங்கதி வெளிய போற வழி அம்புட்டும் இப்புடித்தான். விடியக்காலம் ஏலத்தோட்டத்துக்கு ஏறுற ஜீப்புல ஒரு வார்த்த விழுந்தாப் போதும். முந்தல்ல "காய்ச்சலாம்", போடிமெட்டுல "காசமாம்", பூப்பாறை போய்ச் சேர்றப்ப "அந்தச் சீக்காமே!" மறுநாள் கங்காணி அவள வேலைக்கு வேணாம்பாரு.

பழைய கதை ஒண்ணு கேளு. 1995ல நாகாலாந்து டாக்டர் ஒருத்தர் நோயாளிக்குத் துணையா மெட்ராஸ் வந்து ரத்தம் குடுத்தாரு. சோதிச்சா எச்.ஐ.வி. சேதி கசிஞ்சு நிச்சயமான கல்யாணம் நின்னு, சொந்தபந்தம் ஒதுக்கி வச்சு, மனுசன் ஊரையே விட்டு வந்துட்டாரு. கேஸ் போட்டாரு, தோத்தாரு. ரகசியம் காக்கணுந்தான், ஆனா கட்டிக்கப்போற பொண்ணோட உசுரு அதவிடப் பெருசுன்னு 1998ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. பொண்ணுக்குச் சொல்றது சரிதான்டி. ஊருக்கு எதுக்கு? அந்தத் தீர்ப்புலயே அவரு பேரு 'எக்ஸ்', ஆஸ்பத்திரி பேரு 'இசட்'. கோர்ட்டுக்குத் தெரிஞ்ச நாகரிகம் நமக்கு வேணாமா?

2018 செப்டம்பர்ல எச்.ஐ.வி. சட்டம் அமுலுக்கு வந்துருச்சு. சம்மதம் இல்லாம வெளிய சொல்லக் கூடாது. துணைக்கு ஆபத்துன்னா, நோயாளிகிட்ட எடுத்துச் சொன்ன பெறகு, அந்தத் துணைக்கு மட்டும் டாக்டர் சொல்லலாம். கருக்கலைப்புச் சட்டத்துலயும் 2021ல திருத்தம் வந்துச்சு. கலைச்சவ பேர வெளிய விட்டா ஒரு வருசம் வரைக்கும் ஜெயிலு கெடைக்கலாம்.

ஏலக்கா என்ன வெலைக்குப் போச்சு, எந்த வீட்டுல மாமியா மருமக சண்டைன்னு கேளு, பக்கம் பக்கமா எழுதுறேன். ஆஸ்பத்திரிச் சங்கதி மட்டும் கேக்காத. நாளைக்கு நீயே சீட்டுப் போட வந்தாலும், ஒன்னப் பெத்த ஆத்தாவுக்குக்கூட எங்கிட்ட இருந்து ஒரு வார்த்த போகாது.

இப்படிக்கு,
ஒன் கூட்டாளி