காய்ச்சின சத்தம்

அக்கா மகன் பழைய மின்கிதார் ஒன்றையும் சின்ன ஆம்ப் ஒன்றையும் காரைக்குடியிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தான். ஏப்ரல் 14க்கு இன்னும் ஒரு வாரம். ‘மாமா, இந்த வருசம் அம்பேத்கர் பொறந்தநாளுக்கு பறையோட இதையும் சேத்து அடிக்கணும். பங்க் ராக் மாதிரி, பச்சையா’ என்றான். 2018 ஜனவரியில் சென்னையில் தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ் முதன்முதலாக மேடையேறியதைக் கைபேசியில் பார்த்ததிலிருந்து அவனுக்கு இந்தப் பித்து.

எனக்குப் பிடிக்கவில்லை. கிதாரை அல்ல, பறையை. ஊர்ச் சாவுக்கு இனி அடிக்க வரமாட்டேன் என்று அய்யா சொன்னபோது நான் ஆறாம் வகுப்பு. அதோடு வயல் வேலை நின்றது. அம்மா சித்தாளாகப் போனாள். தொல்காப்பியம் பறையைக் கருப்பொருளில் வைத்திருக்கிறது என்று எம்.ஏ. வகுப்பில் பெருமையாகச் சொன்னார்கள். அடித்தவன் வீட்டுப் பிள்ளை கடைசி பெஞ்சில் இருந்தது யாருக்கும் தெரியாது. நானும் சொல்லவில்லை. பறை கலைதான் என்கிற தோழர்களோடு இன்றைக்கும் எனக்குச் சண்டை உண்டு.

பையன் கெயினைக் கடைசிவரை திருகி, மிட்டை அடியோடு இறக்கி, எக்கோவும் போட்டிருந்தான். தனியாகக் கேட்டால் மிரட்டல்தான். பறை சேர்ந்ததும் கிதார் கூழாய்க் கரைந்துபோனது.

திண்ணையிலிருந்து அய்யா குரல் கொடுத்தார்: ‘ஏண்டா, அதுல எதுக்கு இம்புட்டு எண்ணெய்? அடி விழுறதே கேக்கலையே!’

எக்கோவை அணைத்தோம். கெயினைப் பாதிக்குக் கொண்டுவந்து, பாஸைக் குறைத்து, மிட்டை ஏற்றினோம். மனுசக் குரல் இருக்கிற இடம் அந்த மிட்டுதான். பிரிட்ஜ் ஓரத்துப் பிக்கப்புக்கு மாற்றி, ரமோன்ஸ் ஜானி மாதிரி மேலிருந்து கீழாகவே வெட்டி வெட்டி அடித்தான். இப்போது ஒவ்வொரு அடியும் தனியாக விழுந்தது.

1958இல் அமெரிக்காவில் லிங்க் ரே தன் ஆம்பின் ஸ்பீக்கரைப் பென்சிலால் குத்திக் கிழித்து இந்தக் கரகரப்பை எடுத்தார் என்பார்கள். அந்த ‘ரம்பிள்’ இசைத்தட்டைச் சில வானொலி நிலையங்கள் ஒலிபரப்ப மறுத்தன. அதில் ஒரு சொல்கூடக் கிடையாது. வெறும் சத்தத்துக்கே தடை! நமக்கு இது புதுசா என்ன?

இருட்டி, பனி இறங்கியதும் பறை தொளதொளத்தது. பையன்கள் தீ மூட்டி அவசரமாகக் காட்டினார்கள். அய்யா எழுந்து வந்தார். ஒன்றும் பேசாமல் பறையைப் பிடுங்கி, வைக்கோல் தீக்கு மேலே சுற்றிச் சுற்றிக் காட்டினார். தோலில் ஈரம் வற்றினால்தான் விறைக்கும், சூடு மிஞ்சினால் கிழியும். ஒவ்வொரு சுற்றுக்கும் விரலால் சுண்டிக் காது கொடுத்தார். இருபது வருசத்துக்கு மேல் தொடாத கை.

‘ம்... இப்ப அடிங்க.’

‘நீங்க அடிங்க தாத்தா’ என்று பேரன் குச்சியை நீட்டினான். அவர் வாங்கவில்லை. திண்ணைக்குப் போய் உட்கார்ந்து, ‘அந்தப் பொட்டியில இன்னும் கொஞ்சம் எண்ணெய் இருக்குடா’ என்றார்.

பையன் கெயினை இன்னும் ஒரு நூல் குறைத்தான்.