விண்ணிடைக் கண்ட அச்சம்

படக்காட்சியைக் கண்டு களித்தல் எளிது; அதன் தரத்தை ஆய்ந்து உரைத்தல் அரிது. அதிலும், அச்சத்தையே தன் சுவையாகக் கொண்ட விண்வெளிப் படமொன்றைச் சீர்தூக்கப் புகுவார்க்கு இடர்ப்பாடு மிகுதி. அஞ்சினோம் என்றால் நண்பர் நகைப்பர். அஞ்சவில்லை என்றால் படம் தோற்றதாக முடியும். இவ்விடர்ப்பாட்டில் யாம் சிக்கி, முதலில் தவறாகத் தீர்ப்புரைத்து, பின்னர் அதனை மாற்றிக்கொண்ட வரலாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

தமிழ்ப் படவுலகிற்கு விண்வெளி முற்றும் புதிதன்று. 1963ஆம் ஆண்டில் வெளிவந்த ‘கலை அரசி’யில் வேற்றுக் கோளினர் பூவுலகிற்கு வந்து, தம்மவர்க்கு இசை கற்பிக்கும் பொருட்டுப் பானுமதியைக் கவர்ந்து செல்கின்றனர், எம்.ஜி.ஆர். அவரை மீட்கின்றார். அங்கே அச்சம் சிறிது, வியப்பே பெரிது. ஐம்பத்தைந்து ஆண்டுகள் கழிந்து, 2018ஆம் ஆண்டு ஜூன் திங்களில், சக்தி சௌந்தர் ராஜன் இயக்கிய ‘டிக் டிக் டிக்’, இந்தியாவின் முதல் விண்வெளிப் படம் என்னும் விளம்பரத்தோடு வெளிவந்தது. அப்பொழுது பள்ளிச் சிறுவராயிருந்த யாம், எம் தந்தையாருடன் அம்பத்தூர்க் கொட்டகையொன்றில் அதனைக் கண்டோம். படத்தில் விண்கல் ஒன்று எண்ணூரில் வீழ்ந்தவுடன் கொட்டகை ஆரவாரித்தது. எங்கோ நியூயார்க்கில் விழுந்துகொண்டிருந்த கல் எம் பக்கத்து ஊரில் விழுந்ததே அதற்குக் காரணம். இன்னும் பெரியதொரு கல் வரவிருக்கின்றது. கோடிக்கணக்கான மக்கள் மாள்வர் என்கின்றனர். அதனைத் தகர்ப்பதற்குரிய ஏவுகணையை அயலாரது விண்வெளி நிலையத்தினின்று கவர்ந்துவர, ஜெயம் ரவி நடித்த வாசு என்னும் மாயவித்தைக்காரன் அனுப்பப்படுகின்றான். யாம் நாற்காலியின் நுனியில் அமர்ந்திருந்தோம். எம் தந்தையாரோ, இரவுப் பணி முடித்து வந்தவராதலின், பெரும்பாலும் கண்ணயர்ந்திருந்தார்.

நிற்க. சென்ற ஆண்டு எம் கல்லூரி மாணவர் குழுவொன்று, இப்படத்தையும், 1979ஆம் ஆண்டில் ரிட்லி ஸ்காட் இயக்கிய ‘ஏலியன்’ என்னும் ஆங்கிலப் படத்தையும் ஒப்பிட்டுத் தீர்ப்பொன்று எழுதுமாறு எம்மைப் பணித்தது. ஏலியனை முதலில் யாம் தனித்தே கண்டோம். நாஸ்ட்ரோமோ என்னும் சரக்குக் கலம் இரண்டு கோடி டன் கனிமத்துடன் பூமிக்குத் திரும்புகின்றது. அதில் எழுவர் உளர், பூனையொன்றும் உண்டு. வழியில் ஒரு கோளில் இறங்க, ஆங்கொரு வேற்றுயிர் ஒருவன் முகத்தைப் பற்றுகின்றது. அவன் உண்டு மகிழ்ந்திருக்கும் வேளையில் அதன் குட்டி அவன் மார்பைப் பிளந்து வெளிப்படுகின்றது. பின்பு ஒவ்வொருவராக மடிகின்றனர். யாம் எழுதிய தீர்ப்பு இது: “பழைய பேய்க்கதைக்கு விண்வெளி உடை உடுத்தியதன்றி இதில் ஒன்றுமில்லை, குருதி மிகுதி. நம் நாட்டுப் படமே மேல்.”

எழுதிய தாளை மேசைமேல் வைத்துவிட்டு, மறுநாள் இரவு சில காட்சிகளைச் சரிபார்க்க மீண்டும் படத்தை ஓடவிட்டோம். எம் தந்தையார் அருகில் வந்து அமர்ந்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாகத் தெரியாதாகையால், யாம் இடையிடையே பொருள் கூறி வந்தோம். படத்தின் தொடக்கத்தில், இயந்திரப் பகுதியில் உழைக்கும் இருவர் தமக்குரிய பங்குத்தொகை மற்றவரினும் குறைவென்று வழக்கிடுகின்றனர். அதனைக் கேட்டதும் தந்தையார் நிமிர்ந்து அமர்ந்தார். “இது கம்பெனிக் கதையப்பா,” என்றார்.

கலத்தை நடத்தும் கணிப்பொறிக்குத் ‘தாய்’ என்று பெயர். அவ்வேற்றுயிரைக் கொண்டு சேர்ப்பதே முதற்கடமை, பணியாளரை இழப்பினும் குற்றமில்லை எனக் கம்பெனி மறைவாக இட்டிருந்த ஆணையை, ரிப்ளி என்னும் பெண் அத்தாயிடமே கேட்டு அறிகின்றாள். இதனை யாம் மொழிபெயர்த்துச் சொன்னபொழுது தந்தையார் படத்தை நிறுத்தச் சொன்னார்.

அவருடைய இடக்கையில் இரு விரல்கள் நுனியின்றி இருப்பதை யாம் பிறந்தது முதல் கண்டிருக்கின்றோம். தொழிற்பேட்டையில் பிரஸ் ஓட்டுங்கால் நேர்ந்ததென்று மட்டுமே அறிவோம். அன்றிரவுதான் எஞ்சியதைக் கூறினார். உற்பத்தி மிக வேண்டுமென்று காப்புத் தடுப்பு கழற்றப்பட்டிருந்ததாம். அடிபட்டவுடன் ஓடிவந்த மேலாளர் முதற்கண் கேட்டது, “டை உடைந்ததா?” என்பதாம். “அவர் கெட்டவரில்லையப்பா. அவருக்குச் சொல்லியிருந்த கணக்கு அது,” என்று கூறி, மீண்டும் படத்தை ஓடவிடச் செய்தார்.

அதன்பின் அப்படம் எமக்கு வேறு படமாயிற்று. ஸ்விட்ஸர்லாந்து ஓவியர் கீகர் வகுத்த உருவை அணிந்து, நைஜீரியரான பொலாஜி படேஜோ என்னும் நெட்டையர் நடித்த அவ்வுயிர், திரையில் தோன்றுவது சில நிமிடங்களே. எனினும் அச்சம் படம் முழுதும் பரந்துள்ளது. விலங்கு பசிக்குக் கொல்கின்றது. அதனை வெறுத்தல் ஆகாது. எழுவரையும் கணக்கினின்று நீக்கிய ஆணையோ, பசியின்றிக் கொல்கின்றது. நம் ‘டிக் டிக் டிக்’கில் கோடி மக்கள் என்ற சொல் எம்மை அசைக்கவில்லை, வாசுவின் சிறு மகனுக்கு இடர் நேர்ந்தபொழுதே நெஞ்சு நடுங்கிற்று. ஆயின் வாசு எவ்வித்தையேனும் செய்து வெல்வான் என்பதை முன்னரே அறிந்திருந்தோம். வெற்றி உறுதியாயின் அச்சம் விளையாட்டாகிவிடும்.

ஏலியனுக்கும் குறையுண்டு. காற்றில்லாத வெளியில் ஓசை செல்லாது. 1968ஆம் ஆண்டின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ அவ்வுண்மையை மதித்து விண்வெளியை ஓசையின்றிக் காட்டிற்று, ஏலியனிலோ கலம் வெடிக்குங்கால் பேரோசை எழுகின்றது. மார்பு பிளக்குங் காட்சியைக் குழந்தைகள் காணலாகாது. இவற்றை யாம் மறைக்கவில்லை.

நூறு ஆடுகளுள் காணாமற்போன ஒன்றைத் தேடிச் சென்ற மேய்ப்பனின் உவமையை நம் கல்லூரிச் சிற்றாலயத்தில் பலகாலும் கேட்டுள்ளோம். கலம் அழியப்போகும் தறுவாயிலும் ரிப்ளி பூனையைத் தேடி எடுத்துக்கொள்கின்றாள். எழுவரையும் ஒன்றுமில்லாராக எண்ணிய ஓரிடத்தில், ஒருத்தி ஒரு பூனையைக் கணக்கில் வைத்தாள்.

பழைய தாளைக் கிழித்து, ஏலியனே மேலென்று புதிதாக எழுதித் தந்தையாருக்கு வாசித்துக் காட்டினோம். முழுதுங் கேட்டு, “பூனை பிழைத்ததை எழுதினாயா?” என்றார். எழுதியிருக்கின்றோம்.