"அது அமினோ அமிலம்தானே மாமா, ஒண்ணும் பண்ணாது"

இப்படிச் சொன்னது நான்தான். அதனாலதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க.

மாமாவுக்கு 62 வயசு. ரிட்டயர் ஆனதிலிருந்து சரியான தூக்கம் இல்லை. அமெரிக்காவிலிருந்து லீவுக்கு வந்த மகள் ஒரு டிரிப்டோஃபேன் டப்பாவைக் கொடுத்துட்டுப் போயிருக்கா. எனக்கு போன் போட்டு, "மாப்ள, அமினோ ஆசிட் 500 மில்லிகிராம்னு போட்டிருக்கு, சாப்பிடலாமா?" என்றார். ஓ.பி.யில் கூட்டம். தலைப்பில் இருக்கும் பதிலைச் சொல்லிட்டு வச்சுட்டேன்.

சொன்னதில் பாதி உண்மை. டிரிப்டோஃபேனை நம் உடம்பால் தயாரிக்க முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் வந்தாகணும். மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின், தூக்கத்துக்கான மெலடோனின் இரண்டுக்கும் அதுதான் மூலப்பொருள். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 240 மி.கி. போதும். ஒரு முட்டையிலேயே 80 மி.கி. அளவுக்கு இருக்கு. பால், பருப்பு, நிலக்கடலை, மீன் எல்லாத்திலும் உண்டு. ஒழுங்கா சாப்பிடுறவங்களுக்குப் பொதுவா குறைபாடு வராது.

ஆனா சாப்பாட்டில் வரும் டிரிப்டோஃபேன் மற்ற அமினோ அமிலங்களோடு முண்டியடிச்சுத்தான் மூளைக்குள் நுழையணும். எல்லாருக்கும் ஒரே வாசல். மாத்திரையா தனியா போகும்போது அந்தப் போட்டி இல்லை. (ராத்திரி பால் குடிச்சா இதனாலதான் தூக்கம் வருதுன்னு சொல்றதை நான் பெருசா நம்புறதில்லை. இதமா இருக்கு, குடிங்க.)

மாமா ராத்திரிக்கு ரெண்டு மாத்திரை போட்டிருக்கார். மூணாவது நாள் காலையில் அத்தை போன்: "வியர்த்துக் கொட்டுது, கை நடுங்குது, நாலு தடவை வயித்தால போயிடுச்சு. கல்யாணச் சாப்பாடு ஒத்துக்கலை போல." போய்ப் பார்த்தா நாடித்துடிப்பு 120. கண்மணி விரிஞ்சிருக்கு. ஒரு இடத்தில் உட்கார முடியலை. பாதத்தை மேல்நோக்கி அழுத்திப் பிடிச்சா, அது தானா டக் டக்னு துடிக்குது. வயிற்றுப்போக்கில் இப்படி வராது.

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறாரா அத்தை?"

அத்தை மாமா முகத்தைப் பார்த்தாங்க. அப்புறம் பீரோவில் புடவைக்கு அடியிலிருந்து ஒரு பட்டையை எடுத்துட்டு வந்தாங்க. எஸ்சிட்டலோபிராம், மனச்சோர்வுக்கான மருந்து. ஏழு மாசமா சாப்பிடுறாராம். குடும்பத்தில் யாருக்கும் தெரியாது, டாக்டர் மருமகனுக்கும்தான்.

அந்த மருந்து செரட்டோனின் மறுபடி உறிஞ்சப்படுவதைத் தடுக்கும். டிரிப்டோஃபேன் புதுசா செரட்டோனினை உண்டாக்கும். குழாயைத் திறந்துவிட்டு வடிகாலையும் அடைச்ச மாதிரி. செரட்டோனின் சிண்ட்ரோம்னு பேரு. முற்றினால் கடும் காய்ச்சல், வலிப்பு, உயிருக்கே ஆபத்து. டிரமடால் வலி மாத்திரையும், டெக்ஸ்ட்ரோமெத்தார்ஃபன் உள்ள இருமல் சிரப்பும்கூட இந்த மருந்துகளோடு சேர்ந்தா இதைக் கொண்டுவரலாம்.

ரெண்டு மாத்திரையையும் நிறுத்தி, அட்மிட் பண்ணி, டிரிப்ஸும் லோரசெபமும் கொடுத்தோம். மறுநாள் மதியம் நடுக்கம் நின்னுடுச்சு.

இதைப் படிச்சிட்டு மனச்சோர்வு மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க. அது வேற பிரச்சினையில் கொண்டுபோய் விடும். நிறுத்த வேண்டியது சப்ளிமென்ட்டை.

டப்பாவை அப்புறம்தான் திருப்பிப் பார்த்தேன். மனச்சோர்வு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்கவும்னு பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்தது. மாமா கேட்கத்தான் செஞ்சார். நான்தான் திருப்பி ஒரு கேள்வி கேட்கலை.

மனநல மருத்துவர் எஸ்சிட்டலோபிராமை மறுபடி ஆரம்பிச்சிருக்கார். சாயங்காலம் ஆறரை மணி டிகிரி காபியை நிறுத்தச் சொல்லியிருக்கோம். அதுக்கு மட்டும் மாமா இன்னும் சம்மதிக்கலை.