உறவுக் கடிதம்

தமிழ்ப்பள்ளியில் முப்பது ஆண்டுகள் ஆசிரியப் பணி புரிந்து ஓய்வு பெற்றவன் நான். அம்முப்பது ஆண்டுகளிலும் தவறாமல் நான் கற்பித்த பாடங்களுள் ஒன்று கடிதம் எழுதுதல். கடிதம் இருவகைப்படும். ஒன்று அலுவல் கடிதம். மற்றொன்று உறவுக் கடிதம். அலுவல் கடிதத்தில் அனுப்புநர், பெறுநர், பொருள், நாள் ஆகிய யாவும் உரிய இடத்தில் அமைதல் வேண்டும். உறவுக் கடிதத்திற்கோ ‘அன்புள்ள அப்பா’ என்னும் இரண்டு சொற்களே வாயில். அவ்வாயிலைக் கடந்த பிள்ளை எதை வேண்டுமானாலும் எழுதலாம். எழுத்துப் பிழையோடும் எழுதலாம். இப்பாடத்தைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம் என் உள்ளத்தில் ஒரு வினா எழும். நாம் இறைவனிடம் செய்யும் செபம் இவ்விரண்டனுள் எவ்வகையைச் சார்ந்தது?

இவ்வினாவின் வேர் என் இளமைக் காலத்தில் இருக்கிறது. பேராக் மாநிலத்து இரப்பர்த் தோட்டம் ஒன்றில் நான் பிறந்து வளர்ந்தேன். என் தந்தையார் பால்மரம் வெட்டும் தொழிலாளி. பொழுது புலருமுன் பெரட்டுக் களத்தில் நின்று பெயர் கொடுத்துவிட்டு நிரைக்குச் செல்வார். துரையிடம் ஒரு குறையைச் சொல்ல வேண்டுமாயின், முதலில் கங்காணியிடம் சொல்ல வேண்டும். கங்காணி கிராணியாரிடம் சொல்ல வேண்டும். கிராணியார் மனம் இரங்கினால், அலுவலகத் தாழ்வாரத்தில் தலைத்துண்டைக் கையில் ஏந்தி நிற்கும் வாய்ப்புக் கிட்டும்.

இரவில் அதே மனிதர் எங்கள் லயத்து வீட்டில் இயேசுவின் திரு இருதயப் படத்திற்கு முன் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்வார். அப்போதும் அவர் தாழ்வாரத்தில் நிற்பதாகவே எனக்குத் தோன்றும். தலை தாழ்ந்திருக்கும், குரல் அடங்கியிருக்கும். பகலெல்லாம் உழைத்த உடல், மூன்றாம் பத்துமணி முடியுமுன் உறங்கிப் போகும். விழித்ததும் களவில் அகப்பட்டவர் போல் மார்பில் அறைந்துகொண்டு மன்னிப்புக் கேட்பார். கடவுளையும் ஒரு பெரிய துரையாகவே இவர் எண்ணிவிட்டாரோ என்று சிறுவனாகிய நான் நினைத்ததுண்டு.

மறைக்கல்வி வகுப்பில் நான் கேட்ட கதையோ வேறாக இருந்தது. இயேசுவிடம் குழந்தைகளைக் கொண்டு வந்தார்கள். சீடர்கள் அவர்களை அதட்டித் தடுத்தார்கள். நற்செய்தியாளர் மாற்கு எழுதுவதைப் பார்த்தால், இயேசு அதைக் கண்டு கோபமே கொண்டார். குழந்தைகளை அணைத்து, அவர்கள் மேல் கைகளை வைத்து ஆசி வழங்கினார். சீடர்கள் அன்று செய்தது கிராணியார் வேலையன்றி வேறென்ன? கடவுளிடம் செல்ல இடையாள் வேண்டியதில்லை, குழந்தைபோல் ஓடிப் போகலாம் என்று நான் அன்றே முடிவு செய்துகொண்டேன்.

அந்த முடிவுக்கு விரைவிலேயே சோதனை வந்தது. 1964-ஆம் ஆண்டு, எனக்கு வயது பத்து. நான்கு வயதுடைய என் தங்கைக்குக் கடுங்காய்ச்சல் கண்டது. நான் ஐயம் சிறிதுமின்றிக் கேட்டேன். மீனைக் கேட்கும் பிள்ளைக்கு எந்தத் தந்தையும் பாம்பைக் கொடுக்கமாட்டான் என்று லூக்கா நற்செய்தியில் இயேசு கூறியதைப் பாடமாகப் படித்திருந்தேன் அல்லவா? தங்கை எழுந்து விளையாடுவாள் என்று உறுதியாக நம்பி, அவளுடைய மரப்பாச்சியைத் துடைத்துத் தலைமாட்டில் வைத்தேன். ஆறாம் நாள் அவள் இறந்துபோனாள்.

அவளை அடக்கம் செய்துவிட்டு வந்த இரவிலும் தந்தையார் வழக்கம்போல் படத்தின் முன் முழந்தாளிட்டார். எனக்குச் சினம் பொங்கியது. “கேட்டதைக் கொடுக்காதவர்கிட்ட இன்னும் என்னப்பா கேக்குறீங்க?” என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்: “தம்பி, போன வருசம் நீ சைக்கிள் கேட்ட. என்னால வாங்கிக் குடுக்க முடியல. அதுக்காக என்னைய அப்பான்னு கூப்பிடாம விட்டுட்டியா?”

அம்மொழி அன்று எனக்கு ஆறுதல் தரவில்லை. என் தந்தையிடம் பணம் இல்லை. கடவுளுக்கு என்ன இல்லை? அந்த எதிர்வினா பல ஆண்டுகள் என்னை விட்டு நீங்கவில்லை. கோவிலுக்குப் போனேன், கையைக் கூப்பினேன், ஆனால் எதையும் கேட்கவில்லை. என் செபம் அலுவல் கடிதமாகவே இருந்தது. வடிவம் பிழையற்றது, பொருள் என்னும் இடம் மட்டும் வெறுமையாக இருந்தது.

ஆசிரியனான பிறகு, பெரிய வியாழன் இரவொன்றில், கெத்சமனித் தோட்டத்து நிகழ்ச்சியை மாற்கு நற்செய்தியில் படித்துக்கொண்டிருந்தேன். துயரத்தின் உச்சியில் இயேசு கடவுளை அழைக்கும் சொல்லில் என் கண் நின்றது. ‘அப்பா’ என்பதே அச்சொல். அது தமிழ்ப்பெயர்ப்பாளர் இட்ட சொல்லன்று. இயேசு பேசிய அரமேய மொழிச் சொல்லை, கிரேக்கத்தில் எழுதிய மாற்கு அப்படியே விட்டுவைத்தார். இரு மொழிகளும் உறவுடையவை என்று நான் கூற வரவில்லை. குழந்தையின் இதழ்கள் மூடித் திறக்கையில் எளிதிற் பிறக்கும் ஒலி, பல மொழிகளில் பெற்றோரைக் குறிக்கும் சொல்லாயிற்று. சீர்காழிக் குளக்கரையில் தாயையும் தந்தையையும் அழைத்து அழுத குழந்தையைச் சேக்கிழார் வாயிலாக அறிந்த தமிழர்க்கு இவ்வழைப்பின் இனிமையை விளக்கவேண்டியதில்லை.

புதிய ஏற்பாட்டில் இச்சொல் மூன்றே இடங்களில் வருகிறது. பவுலடியாரின் கடிதங்களில் இரண்டு இடங்கள். நற்செய்திகள் நான்கிலும் சேர்த்து இந்த ஓர் இடம். இதனை எண்ணிப் பார்த்தபோது என் உடல் சிலிர்த்தது. துன்பக் கிண்ணம் தன்னைவிட்டு அகல வேண்டும் என்று அவர் கேட்டார். அது அகலவில்லை. மறுநாள் சிலுவை வந்தது. நற்செய்தியில் ‘அப்பா’ என்னும் சொல் ஒலிக்கும் ஒரே செபம், கேட்டது கிடைக்காத செபம்! ஆயினும் கேட்டவர் மகன் அல்லாமற் போய்விடவில்லை. அழைக்கப்பட்டவரும் தந்தை அல்லாமற் போய்விடவில்லை.

இச்சொல்லின் இயல்பு குறித்து அறிஞர் ஆராய்ந்துள்ளனர். செருமானிய அறிஞர் யோவாக்கிம் எரேமியாஸ் இது மழலையில் தோன்றிய சொல் என்று விளக்கினார். 1988-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் பார் என்பவர், வளர்ந்தவர்களும் தம் தந்தையை இவ்வாறே அழைத்தனர் என்று எடுத்துக்காட்டி, இதனை வெறும் மழலைச் சொல்லாகக் கொள்ளலாகாது என்றார். தமிழனுக்கு இதில் மயக்கம் இல்லை. இரண்டு வயதில் ‘அப்பா’ என்கிறோம். அறுபது வயதிலும் ‘அப்பா’ என்றே அழைக்கிறோம். வேண்டுவது மாறுகிறது, அழைப்பு மாறுவதில்லை. குழந்தைக்குரிய நம்பிக்கை என்பது கேட்டது கிடைத்தே தீரும் என்னும் துணிவன்று. கிடைப்பினும் கிடையாவிடினும் அழைக்கும் உரிமை எனக்கு உண்டு என்னும் உறுதியே அது.

பின்னாளில், லிசியே நகரத்துப் புனித தெரேசாவின் தன்வரலாற்றைப் படித்தேன். கன்னியர் மடத்தில் வாழ்ந்து, எலும்புருக்கி நோயால் 1897-ஆம் ஆண்டு தமது இருபத்து நான்காம் வயதில் மறைந்தவர் அவர். செப வேளையில் தாம் உறங்கிவிடுவதை அவர் மறைக்கவில்லை; அதற்காகக் கலங்கவும் இல்லை. விழித்திருக்கும்போது போலவே உறங்கும்போதும் பிள்ளைகள் பெற்றோர்க்கு இனியவர்களே என்று எண்ணித் தேறினார். வாழ்வின் இறுதி ஒன்றரை ஆண்டு அவர் உள்ளத்தில் விசுவாச ஒளி மங்கி இருள் சூழ்ந்திருந்தது. அவ்விருளிலும் அவர் அழைப்பதை நிறுத்தவில்லை. அப்பகுதியைப் படித்தபோது, மூன்றாம் பத்துமணியில் உறங்கிப் போன என் தந்தையார் கண்முன் வந்தார். அதைப் படித்துக் காட்ட அவர் அப்போது உயிரோடு இல்லை.

அவரைத் தாழ்வாரத்தில் நின்றவராக நான் கருதியது பிழை. தலை தாழ்ந்தது உழைப்பாளியின் பழக்கத்தால். உள்ளமோ மகனுடையதாகவே இருந்தது. இல்லாவிடின், மகளைப் புதைத்த கையோடு எவரால் செபமாலையை எடுக்க முடியும்? என் தங்கை ஏன் இறந்தாள் என்பதற்கு இன்றும் என்னிடம் விடை இல்லை. ஆனால் இன்று அந்த வினாவையே கடவுளிடம் கேட்கிறேன். முன்னர் அதைக் கடவுளைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். இரண்டிற்கும் வேறுபாடு மிகுதி.

அலுவல் கடிதத்திற்கு மறுமொழி வாராவிடின் கோப்பை மூடிவிடுகிறோம். தந்தைக்கு எழுதிய கடிதத்திற்கு மறுமொழி வாராவிடின், மீண்டும் ஒரு தாளை எடுத்து ‘அன்புள்ள அப்பா’ என்று தொடங்குகிறோம். இப்பாடத்தை நான் மாணவர்க்குப் பல்லாண்டு கற்பித்தேன். எனக்கு அதைக் கற்பித்தவரோ, கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் வைத்துச் சம்பளம் வாங்கிய ஒருவர்.