கோட்டிற்கு வெளியே நிற்பவர்

கைப்பந்தாட்டம் பார்க்கச் செல்வோர் எவரைப் பார்க்கின்றனர்? வலைக்கு மேலெழும்பி ஓங்கி அடிப்பவனைப் பார்க்கின்றனர். சற்று விவரமறிந்தவர்கள் அவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கும் லிஃப்டரையும் பார்ப்பர். கோட்டிற்கு வெளியே, தோளில் துண்டோடு நின்று தொண்டை கிழியக் கத்தும் மனிதரை யாரும் பொருட்படுத்துவதில்லை. எங்கள் தொட்டியத்துத் தேநீர்க் கடையில் ஜிம்மி ஜார்ஜ் பெயரைச் சொன்னால் போதும், 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நம்மவர் ஜப்பானை வென்று வெண்கலம் பெற்ற கதையை நேரில் கண்டவர்போல் சொல்ல நாலு பேர் வருவார்கள். துரோணாச்சாரியர் விருது பெற்ற கைப்பந்துப் பயிற்சியாளர் ஒருவர் பெயர் சொல்லுங்கள் என்றால் கடையே மௌனமாகிவிடுகிறது. நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன்.

ரமண ராவ் 1990இலும், சியாம் சுந்தர் ராவ் 1995இலும், நம் தமிழ்நாட்டின் ஜி.ஈ. ஸ்ரீதரன் 2007இலும் அவ்விருதைப் பெற்றனர். மூவரும் முன்பு ஆட்டக்காரர்களாக அர்ஜுனா விருதும் பெற்றவர்கள். ஆக, முதலில் நாடறிந்த ஆட்டக்காரனாகு, பின்னர் பயிற்சியாளனாகலாம் என்பதே இராஜபாட்டை போலும்! அப்படியாயின் ஐந்தடி ஐந்தங்குல உயரத்தோடு, கல்லூரி அணியோடு நின்றுவிட்ட என் போன்றோரின் கதி என்ன? இது எனக்கு வெறும் கட்டுரைக் கேள்வியன்று. இவ்வாண்டோடு என் பட்டப்படிப்பு முடிகிறது. வாழைத் தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்தும் என் தந்தையார், குரூப் 4 தேர்வுக்குப் படி என்கிறார். எனக்கோ பி.பி.எட். விண்ணப்பத்தின் மேல் கண்.

இந்நிலையில் எனக்குத் தெம்பளித்தவர் பிரேசில் நாட்டுப் பெர்னார்டினோ. 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் வெள்ளி வென்ற அணியில் அவர் மாற்று லிஃப்டர்; அதாவது, மற்றவர் ஆட, பெரும்பாலும் பெஞ்சில் அமர்ந்து பார்த்தவர். அவர் பின்னாளில் பயிற்சியளித்த பிரேசில் மகளிர் அணி 1996இலும் 2000இலும் வெண்கலம் பெற்றது. ஆண்கள் அணி 2004இலும் 2016இலும் தங்கம், இடையே இருமுறை வெள்ளி! (அவர் பொருளியல் பட்டதாரி என்பதை நம் பொருளியல் துறையினர் கவனிப்பார்களாக.) பெஞ்சில் இருந்தது அவருக்கு நட்டமில்லை என்றே கருதுகிறேன். அடிப்பவன் பந்தைப் பார்க்கிறான். லிஃப்டரோ எவன் களைத்தான், எதிரணியில் எவன் பிளாக்குக்குத் தாமதமாக எழுகிறான் என்று ஆட்களைப் பார்க்க வேண்டியவன். அவனையே பெஞ்சில் அமர்த்திவிட்டால் பார்ப்பதைத் தவிர வேறென்ன வேலை?

பயிற்சியாளருக்கு ஆட்டத்தின்போது கிடைப்பது மிகச் சொற்பம். ஒரு செட்டிற்கு இரண்டு இடைவேளை, ஒவ்வொன்றும் 30 விநாடி. ஆறு மாற்று ஆட்டக்காரர். மற்றதெல்லாம் முன்பே மைதானத்தில் முடிந்திருக்க வேண்டும். விதி மாறினால் அவரும் மாற வேண்டும். முன்பு சர்வீஸ் போடும் அணிக்கே புள்ளி, செட்டிற்கு 15. 1998இல் அது மாறி, ஒவ்வொரு பந்திற்கும் புள்ளி, 25க்கு ஒரு செட் என்று வந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இன்னமும், “ஓங்கிப் போடுடா, போனா சர்வீஸ்தானே போவுது!” என்று கூவுகிறார்கள். இப்போது போவது சர்வீஸ் மட்டுமன்று, புள்ளியும் சேர்ந்தே போகிறது.

பயிற்சியாளர் என்றதும் பலர் ஜப்பானின் தைமட்சுவைச் சொல்வார்கள். இரண்டாம் உலகப் போரில் இம்பால் போர்முனை வரை வந்து உயிர் மீண்ட படைவீரர் அவர். பின்னர் நிச்சிபோ நூற்பாலையில் வேலை செய்துகொண்டே ஆலைப் பெண்களுக்குப் பயிற்சியளித்தார். பகலெல்லாம் ஆலை வேலை. மாலை தொடங்கி நள்ளிரவு வரை பந்து. தரையில் பாய்ந்து, பந்தை எடுத்து, உருண்டு எழுந்து மறுபடியும் நிற்கும் வித்தையை அவர்களுக்குப் பழக்கினார். 1962இல் உலகப் பட்டம். கைப்பந்து முதன்முறையாகச் சேர்க்கப்பட்ட 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் சோவியத் அணியை மூன்று நேர் செட்களில் வென்று தங்கம். அவரைப் ‘பேய்’ என்றே அழைத்தார்கள். அந்த உருளும் வித்தையை நானும் சொல்லித் தருகிறேன். ஆனால் அவரது கடுமையைப் போற்ற என் மனம் ஒப்பவில்லை. அன்றைய ஆலைப் பெண்களால் மறுத்துப் பேச எவ்வளவு முடிந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதே 1964இல் வெண்கலம் வென்றும் ஜப்பான் ஆண்கள் அணியை யாரும் கொண்டாடவில்லை. அவ்வணியை ஏற்ற மட்சுதைரா எட்டாண்டு காலம் பொறுத்தார். 1968இல் வெள்ளி, 1972 மியூனிக்கில் தங்கம். அங்கே அரையிறுதியில் பல்கேரியாவிடம் முதலிரண்டு செட்களை இழந்தபின் மூன்றையும் வென்றார்கள். எனக்கு இவரையே பிடிக்கிறது.

தொலைநாட்டுப் பெருமை போதும். எங்கள் ஊரில் ஒரு வாத்தியார் இருக்கிறார். பெயரை அச்சிட்டால் கோபிப்பார். காலையில் வாழைத்தார் ஏற்றும் வேலை, மாலையில் மைதானம். பட்டமும் இல்லை, சம்பளமும் இல்லை. நன்றாக ஆடுபவனுக்குப் பந்து போட மாட்டார். நடுங்குபவனுக்கே மீண்டும் மீண்டும் போடுவார், அவன் தானே சிரிக்கும் வரை. பங்குனியில் மதுரைகாளியம்மன் திருவிழா வந்தால் மட்டும் பயிற்சி கிடையாது. எங்கள் அம்மன் தேர் தோளில் சுமந்து செல்லும் தேர். அணியின் தோள்களெல்லாம் அங்கே போய்விடும்!

ஈராண்டுக்கு முன் அவர் பள்ளிப் பெண்களை என்னிடம் ஒப்படைத்தார். “பொம்பளப் புள்ளைங்க உன்னையப் பாத்துப் பயப்படாதுங்க, உயரம் அப்படி” என்றார். பதினொரு பேர். பொழுது சாயுமுன் வீடு திரும்ப வேண்டும் என்பது பெற்றோர் விதித்த நிபந்தனை. ஆண்கள் ஆடும் 2.43 மீட்டர் வலையை 2.24க்கு இறக்கிக் கட்டுவதற்கே கால்மணி போய்விடும். அவர்களில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அரசு விளையாட்டு விடுதித் தேர்வுக்குத் தயாராகிறாள். வலது கையைவிட இடது கையால் அழகாக அடிப்பாள்.

முறையாகப் பயிற்சியாளராக வேண்டுமாயின் நான் ஊரைவிட்டுப் போயாக வேண்டும். சென்னையில் ஹாரி பக் 1920இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. அதன்பின் பாட்டியாலாவில் பயிற்சியாளர் பட்டயப் படிப்பு. முடித்து வந்தாலும் வேலை நிச்சயமில்லை என்று தந்தையார் சொல்வதில் உண்மையுண்டு. அதைவிட என்னைத் தைத்தது அச்சிறுமியின் தாயார் கேட்டதுதான்: “நீ படிக்கப் போயிட்டா இந்தப் புள்ளைங்கள யாரு தம்பி பாக்குறது?”

வாத்தியாரிடம் கேட்டேன். சனி, ஞாயிறு தாமே வருவதாகவும், மற்ற நாட்களில் பத்தாம் வகுப்புப் பெண்கள் இருவர் சிறியவர்களுக்குச் சொல்லித் தரட்டும் என்றும் கூறினார். அவ்விருவரும் இந்த மாதமே தொடங்கிவிட்டனர். என்னைவிடச் சத்தமாகவே கத்துகின்றனர். விண்ணப்பத்தை நிரப்பி வைத்திருக்கிறேன். தந்தையாரின் கையெழுத்து மட்டும் பாக்கி.