இரும்பு மறக்காத எண்

தபால் தலை சேர்ப்பவர்களை நீங்கள் அறிவீர்கள். பழங்காசு சேர்ப்பவர்களையும் அறிவீர்கள். நான் சேர்ப்பது பழைய ரிவால்வர்கள். குறிப்பாக, காவல்துறையினர் இடுப்பில் தொங்கவிட்டு, பின்பு கழித்துவிட்ட கைத்துப்பாக்கிகள். உடனே அஞ்சி எழுந்துவிட வேண்டாம். என் அறையில் ஒரு தோட்டாகூடக் கிடையாது. என் படைக்கலச் சாலை முழுவதும் ஒரு நீள நோட்டுப் புத்தகத்துக்குள் அடக்கம். படம் ஒன்று, செய்த ஊர், ஆண்டு, குழல் அளவு, ஏந்திய கை, கிடைத்தால் அதன் எண். இப்படி இதுவரை 63 துப்பாக்கிகள்.

இந்தப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்கிறேன்.

என் பாட்டனார் பிறந்தது விழுப்புரம் பக்கம். நான் பிறந்து வளர்ந்தது டில்லி ஜங்புராவில், பாராபுல்லா வடிகாலின் கரையில் இருந்த மதராசி கேம்ப்பில். அம்மா அருகில் ஒரு வீட்டில் பாத்திரம் துலக்கினாள். வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற காவல் அதிகாரி. லாகூரில் பிறந்து 1947-ல் அகதியாக வந்தவர். அம்மாவுக்கு அவர் 'சாப்', எனக்குத் 'தாதாஜி'. விடுமுறை நாட்களில் அம்மா வேலை முடிக்கும்வரை அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருப்பேன். சுவரில் அவருடைய இளமைக் காலப் படம் ஒன்று தொங்கும். மிடுக்கான மீசை, இடுப்பில் தோலுறை.

"அது என்ன துப்பாக்கி, தாதாஜி?"

"வெப்லி. பாயிண்ட் முப்பத்தெட்டு. ஆறு குண்டு."

"இப்போது எங்கே?"

"அது சர்க்கார் சொத்து, பேட்டா. ஓய்வு பெற்ற அன்றே திருப்பிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்."

இவ்வளவும் சொன்னவர், சற்றும் தயங்காமல் அந்தத் துப்பாக்கியின் எண்ணை ஒப்பித்தார். மூக்குக் கண்ணாடியை வைத்த இடம் தெரியாமல் நாள்தோறும் வீட்டையே புரட்டுகிறவர், அந்த எண்ணை மட்டும் மறக்கவில்லை! என் நோட்டுப் புத்தகத்தின் முதல் பதிவு அதுதான். மேலே, 'மதராசி கேம்ப், ஜங்புரா, 2013' என்று கோணல் எழுத்தில் எழுதினேன்.

வெப்லி, பர்மிங்ஹாமில் பிறந்த துப்பாக்கி. ஆங்கிலப் படை அதை ஏற்றுக்கொண்டது 1887-ல். மேலுள்ள கொண்டியை விடுவித்தால் நடுவில் மடங்கித் திறக்கும். சுட்டு முடிந்த வெற்றுக் கூடுகள் ஆறையும் தானே வெளியே தள்ளிவிடும். அதன் சாயல் நம் நாட்டில் இன்னும் மறையவில்லை. கான்பூரில் செய்யும் பாயிண்ட் 32 ரிவால்வர் வெப்லியின் வழித்தோன்றலே.

அமெரிக்காவில் இப்படிப்பட்டவற்றைச் சேர்ப்பது பெரிய பொழுதுபோக்கு. அங்கே காவலர்கள் ரிவால்வரைக் கைவிட்டுப் புதிய தானியங்கிகளுக்கு மாறியபோது, அவர்கள் இடுப்பில் தேய்ந்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் துப்பாக்கிகள் கடைக்கு வந்தன. காவல்துறையின் முத்திரை குத்தியிருந்தால் சேர்ப்பவர்களுக்குக் கொண்டாட்டம். எண்ணைக் குறித்து எழுதினால், இன்ன நாளில் இன்ன ஊருக்கு அனுப்பப்பட்டது என்று தொழிற்சாலையின் பழைய ஏட்டைப் பார்த்துக் கடிதம் தருவார்கள். அந்தக் கடிதம் இருந்தால் விலை ஏறும். துப்பாக்கியை விடத் தாளுக்கு மதிப்பு! பிரிட்டனின் போக்கு வேறு. 1996-ல் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்டபின், 1997-ல் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்தார்கள். நம் நாட்டில் 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டத்துக்கு 2019-ல் வந்த திருத்தத்தின்படி, உரிமம் பெற்ற பொதுமக்களில் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது. ஆகவே என்னைப் போன்றவனுக்கு நோட்டுப் புத்தகமே உகந்தது.

அம்மாவுக்கோ அந்த நோட்டும் பிடிக்காது. "பணக்கார வீட்டுப் பிள்ளை துப்பாக்கிப் படம் வைத்திருந்தால் ஆசை என்பார்கள். குடிசைப் பையன் வைத்திருந்தால் என்ன சொல்வார்கள், தெரியுமாடா?" என்று கேட்பாள். அவள் கேட்டதில் நியாயம் இல்லை என்று இன்றும் என்னால் சொல்ல முடியவில்லை.

2016-ஆம் ஆண்டின் இறுதியில் தாதாஜி ஒரு செய்தித்தாளை என்னிடம் நீட்டினார். 1928 டிசம்பர் 17 அன்று லாகூரில் காவல் அதிகாரி சாண்டர்ஸைச் சுடுவதற்குப் பகத்சிங் ஏந்திய கோல்ட் துப்பாக்கி கண்டுபிடிக்கப்பட்டது என்ற செய்தி. வழக்கு முடிந்தபின் அது பஞ்சாபில் உள்ள பில்லூர் காவலர் பயிற்சிப் பள்ளிக்குப் போயிற்று. 1969-ல் வேறு பல துப்பாக்கிகளோடு இந்தூரில் உள்ள எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சிப் பள்ளிக்கு வந்தது. அங்கே கறுப்புச் சாயம் பூசிக் கண்ணாடிக்குப் பின்னே வைத்துவிட்டார்கள். பார்க்க வருவோருக்கு அது பத்தோடு பதினொன்று. ஒருநாள் சாயத்தைச் சுரண்டினார்கள். அடியில் 168896 என்ற எண் தெரிந்தது. பழைய வழக்கு ஏட்டில் இருந்த எண்ணும் அதுவே. பின்பு அதை ஹுசைனிவாலாவுக்குக் கொண்டுபோனார்கள்.

"பார்த்தாயா பேட்டா, லாகூரிலிருந்து என்னைப் போலவே அதுவும் வந்து சேர்ந்திருக்கிறது" என்றார் தாதாஜி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அடுத்த ஆண்டே அவர் காலமானார்.

என் நோட்டில் மற்றோர் எண்ணும் இருக்கிறது: 606824. அது 1948 ஜனவரி 30 அன்று காந்தியடிகளின் உயிரைக் குடித்த பெரெட்டாவின் எண். அதற்குப் பக்கத்தில் வேறு ஒன்றும் எழுத எனக்கு மனம் வரவில்லை. துப்பாக்கிக்கு அழகு இருக்கலாம்; வேலைப்பாடு இருக்கலாம். அது எதற்காகச் செய்யப்பட்டது என்பதை மறந்துவிட்டால் சேர்ப்பவன் வெறும் இரும்பு வியாபாரி ஆகிவிடுவான். அந்தப் பக்கத்தைப் புரட்டும்போதெல்லாம் இதை எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

இனி எங்கள் எண்ணுக்கு வருகிறேன்.

வடிகாலைச் சீர்செய்வதற்காக மதராசி கேம்ப்பை அகற்ற வேண்டும் என்று டில்லி உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. கணக்கெடுத்தார்கள். குடிசைகள் 370. மாற்று வீடு பெறத் தகுதி உள்ளவை 189. தகுதி இல்லாதவை 181. அப்பா தகரப் பெட்டியைக் கவிழ்த்துக் குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, மின்கட்டண ரசீது என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார். எங்கள் தாள்கள் பொருந்தின. ஒரே சுவரைப் பங்கிட்டுக்கொண்டு அடுத்த குடிசையில் வாழ்ந்த சித்தப்பாவின் தாள்களில் ஏதோ ஒன்று பொருந்தவில்லை. எங்களுக்கு நாற்பது கிலோமீட்டர் தொலைவில் நரேலாவில் வீடு. சித்தப்பா, சித்தி, பிள்ளைகள் வாடகை அறை தேடிப் போனார்கள். 2025 ஜூன் 1 அன்று கேம்ப் இடிக்கப்பட்டது. சுவர் விழுந்தபோது அது எங்கள் பக்கமா, அவர்கள் பக்கமா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

நரேலாவில் பெட்டியைத் திறந்தபோது வியந்தேன். குடும்ப அட்டைக்கு அடியில், பிளாஸ்டிக் உறை போட்டு, என் துப்பாக்கி நோட்டு! "இது பிடிக்காது என்றாயே, அம்மா?" என்றேன். "முதல் பக்கத்தில் நம் கேம்ப் பெயரைத் தமிழில் எழுதியிருக்கிறாயே. வேறு எந்தத் தாளில் அப்படி இருக்கிறது?" என்றாள்.

சென்ற மாதம் எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சோதனை செய்தோம். எஃகுத் துண்டு ஒன்றில் எண்ணைக் குத்தினோம். பிறகு அரத்தால் ராவி, எண் இருந்த சுவடே தெரியாமல் பளபளப்பாக்கினோம். தாமிரக் குளோரைடு கலந்த அமிலத்தைத் தொட்டுத் தொட்டுத் துடைத்தபோது, எண் மெல்ல மெல்ல எழுந்து வந்தது. மாயம் ஒன்றும் இல்லை. உளி இறங்கும்போது பள்ளத்துக்குக் கீழே உள்ள உலோகமும் நசுங்கிவிடுகிறது. மேற்பரப்பைத் தேய்த்தாலும் உள்ளே நசுங்கியது நசுங்கியதுதான். அமிலம் அந்த இடத்தை மட்டும் வேறு விதமாக அரிக்கிறது. குற்றவாளிகள் ராவி எறிந்த துப்பாக்கிகளைத் துப்புத் துலக்குவோர் அடையாளம் காண்பது இப்படித்தான்.

அன்று இரவு நோட்டில் 64-ஆவது பதிவை எழுதினேன். துப்பாக்கி அல்லாத முதல் பதிவு அது. கணக்கெடுக்க வந்தவர்கள் எங்கள் கதவில் எழுதிய எண். அதை ஒட்டிச் சித்தப்பா வீட்டுக் கதவின் எண். ஏந்திய கை என்னும் இடத்தில் இரண்டு வீட்டாரின் பெயர்களையும் வரிசையாக எழுதினேன். செய்த ஊர் என்னும் இடத்தில் விழுப்புரம் என்று எழுதலாமா, டில்லி என்று எழுதலாமா என்று நெடுநேரம் யோசித்தேன். முடிவில் மதராசி கேம்ப் என்றே எழுதினேன்.