கறுப்புக்குப் பச்சை

வர்ண சாஸ்திரத்தைப் படிப்பது சுலபம். அதைப் படத்திலே கொண்டுவந்து சேர்ப்பதுதான் சிரமம். பௌதிக உபாத்தியாயராகிய நாம் 42-வது வயதில் தூரிகையைக் கையில் பிடித்தோம். அதற்கு முன் 20 வருஷ காலமாகப் பிள்ளைகளுக்கு ஒளியைப் பற்றிப் பாடம் சொல்லி வந்திருக்கிறோம். நியூட்டன் முப்பட்டைக் கண்ணாடி வழியாக வெயிலைச் செலுத்தி, வெண்மைக்குள் இத்தனை நிறங்கள் ஒளிந்திருக்கின்றன என்று காட்டிய கதையை நாம் சொல்லும்போது கடைசி பெஞ்சுப் பையன்கள்கூடக் கொட்டாவி விடுவதில்லை. ஆகவே, வர்ணம் என்பது நமக்குப் பழகிய விஷயந்தான் என்ற தைரியத்துடனேயே சித்திரக் கலைக்குள் பிரவேசித்தோம்.

ஆனால் வகுப்பறை வர்ணம் வேறு, தட்டிலே குழைக்கும் வர்ணம் வேறு. நீல ஒளியையும் மஞ்சள் ஒளியையும் ஒரே திரையில் விழச் செய்தால் வெண்மை உண்டாகும். நீலச் சாயத்தையும் மஞ்சள் சாயத்தையும் குழைத்தாலோ பச்சை உண்டாகிறது. காரணம் இதுதான்: ஒளி ஒளியோடு கூடுகிறது, சாயமோ தன்மேல் விழும் ஒளியில் ஒரு பங்கை விழுங்கிவிடுகிறது. இரண்டு சாயங்கள் சேர்ந்தால், இரண்டும் விழுங்கியது போக மிஞ்சியதுதான் நம் கண்ணுக்கு வந்து சேரும். 1850-க்குப் பிறகு ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற ஜெர்மானியர் இதைத் தெளிவாக்கினார். வகுப்பிலே கூட்டல் கணக்கு. தட்டிலே கழித்தல் கணக்கு.

நமக்குச் சித்திரம் சொல்லிக் கொடுக்க முன்வந்தவர் ஒரு வயோதிக டிராயிங் மாஸ்டர். முதல் நாளே நம்முடைய வர்ணப் பெட்டியைத் திறந்து, கறுப்புக் குழாயை எடுத்துத் தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "ஆறு மாதம் கழித்துத் தருகிறேன், ஸார். நிழல் என்றால் கறுப்பு என்று யார் சொன்னது?" என்றார். கறுப்புக்குப் பதிலாக இரண்டு வர்ணங்களைக் காட்டினார். ஒன்று அல்ட்ராமரைன் நீலம். மற்றொன்று பர்ன்ட் சியன்னா, அதாவது சுட்ட காவி மண். சூளையிலே செங்கல் சிவக்கிறதே, அந்த ரஸாயனந்தான் அதிலும் நடந்திருக்கிறது. இந்த இரண்டையும் கலந்தால் கறுப்புக்கு அண்டை வீடான ஓர் ஆழ்ந்த நிறம் வருகிறது. நீலம் சற்று ஓங்கினால் மழை மேகம். காவி சற்று ஓங்கினால் பழைய தேக்கு மரம்.

இதன் ரகசியம் வர்ணச் சக்கரத்தில் இருக்கிறது. நீலத்துக்கு எதிரே ஆரஞ்சு, சிவப்புக்கு எதிரே பச்சை, மஞ்சளுக்கு எதிரே ஊதா. எதிரெதிர் வர்ணங்களைத் தட்டிலே கலந்தால் ஒன்றையொன்று அணைத்துவிடும். கலக்காமல் அடுத்தடுத்து வைத்தாலோ ஒன்றையொன்று தூக்கி நிறுத்தும். கூட்டுக் குடும்பத்தில் ஓயாமல் சண்டையிட்ட சகோதரர்கள், அடுத்தடுத்த வீடுகளில் தனிக் குடித்தனம் போனதும் அன்யோன்யமாகிவிடுவதை நேயர்கள் பார்த்திருக்கலாம்.

இவ்வளவு தூரம் வந்த பிறகு, நம்முடைய தாயாரின் உருவப் படத்தை எழுதுவது என்று தீர்மானித்தோம். அவருக்கு வயது 74. விஷயத்தைச் சொன்னதும், "எழுதுடா, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கொஞ்சம் சிவப்பாகப் போடு" என்றார்.

நமது பாஷையில் இந்தச் 'சிவப்பு' என்ற வார்த்தை ஒரு விசித்திரம். குங்குமமும் சிவப்பு, வெளுத்த மேனியும் சிவப்பு! தாயார் மாநிறத்துக்கும் ஒரு படி கறுப்பு. 1969-ம் வருஷத்தில் அவருடைய கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனபோது அவர் ஆசைப்பட்டுத் தொட்டது ஒரு பச்சைப் பட்டு. உடன் வந்த உறவுக்காரப் பாட்டி ஒருத்தி, "கறுப்புக்குப் பச்சை எடுப்பாயிராது, வெளிர் ரோஜாவாகப் பாருங்கள்" என்று கடைக்காரர் முன்னிலையிலேயே சொல்லிவிட்டாளாம். அதற்குப் பிறகு ஐம்பது வருஷங்களுக்கு மேலாகத் தாயார் பச்சை உடுத்தியதில்லை. கல்யாணப் படத்திலும், ஸ்டூடியோக்காரர் நெகடிவின்மேல் பென்ஸிலால் தீட்டி முகத்தை வெளுப்பாக்கியிருக்கிறார். அந்த முகத்தில் தாயாரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

வர்ணம் விற்பவர்களும் அந்தப் பாட்டியின் கட்சியையே சேர்ந்தவர்கள்தான். 'சதை நிறம்' என்ற பெயரில் குழாயில் அடைத்து வந்ததெல்லாம் ஐரோப்பியக் கன்னத்தின் வெளிர் ரோஜா. அமெரிக்காவில் கிரேயோலா கம்பெனியார் 'சதை' என்ற பெயரை நீக்கி, 'பீச்' என்னும் பழத்தின் பெயரைச் சூட்டியது 1962-ல்தான். உலகத்தில் முக்கால்வாசிப் பேருடைய சதை அந்த நிறம் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவ்வளவு காலம் வேண்டியிருந்தது!

பச்சை எடுப்பாயிராது என்ற தீர்ப்பை நாம் ஒரு பிரெஞ்சு ரஸாயன சாஸ்திரியிடம் அப்பீலுக்குக் கொண்டுபோனோம். ஷெவ்ரல் என்பவர் 1824-ல் பாரிஸ் நகரத்துக் கோப்லான் நெசவுச் சாலையில் சாயப் பகுதிக்குத் தலைவரானார். சித்திரக் கம்பளங்களுக்குப் பேர்போன இடம் அது. அங்கே ஒரு புகார்: நீலத்துணி மடிப்புகளின் நிழலுக்காக நெய்யும் கறுப்பு நூல் சோகை பிடித்தாற்போல் இருக்கிறது, சாயம் போதவில்லை என்று. ஷெவ்ரல் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. பக்கத்திலிருந்த நீலந்தான் கறுப்பைக் கெடுத்திருந்தது! எந்த வர்ணமும் அண்டை வர்ணத்தின்மேல் தனக்கு எதிரான சாயலை ஏற்றிவிடுகிறது. வெளுப்பு, பக்கத்திலிருப்பதைக் கறுப்பாக்கிக் காட்டுகிறது. இருட்டு, வெளிச்சமாக்கிக் காட்டுகிறது. இதை அவர் 1839-ல் பெரிய புத்தகமாக வெளியிட்டார். எந்த மேனிக்கு எந்த ஆடை பொருந்தும் என்பதையும் அதிலே விசாரித்திருக்கிறார். காஞ்சிபுரத்து நெசவாளர்களுக்கு இதையெல்லாம் சொல்ல ஷெவ்ரல் தேவையில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு நேர் எதிரான நிறம் என்று கோர்வை போட்டு நெய்கிறவர்கள் அவர்கள். 'எடுப்பு' என்று நாம் சொல்லும் ஒரு சிறு வார்த்தைக்குள் ஷெவ்ரலின் விதி முழுவதும் அடங்கியிருக்கிறது. பாட்டிக்கும் அந்த வார்த்தை தெரிந்திருந்தது, பிரயோகந்தான் தலைகீழ்.

ஒரு நாள் மாலை, பள்ளிக்கூடத்திலிருந்து வர்ணக் காகிதங்கள் வாங்கி வந்தோம். சாஸ்திரத்துக்கு முன்னால் கண்ணுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று, காகிதத் துண்டுகளை வைத்தே பாடம் நடத்திய ஜோஸப் ஆல்பர்ஸ் என்ற சித்திரக்காரரின் வழி இது. அவருடைய புத்தகம் 1963-ல் வெளிவந்தது. ஒரே பழுப்புக் காகிதத்தில் இரண்டு சதுரங்கள் வெட்டி, ஒன்றை வெளிர் ரோஜாவின்மேலும் மற்றொன்றை ஆழ்ந்த பச்சையின்மேலும் வைத்துத் தாயாருக்குக் காட்டினோம். ரோஜாவின்மேல் பழுப்பு மங்கிக் கறுத்தது. பச்சையின்மேல் அதே பழுப்பு, விளக்கேற்றினாற்போல் சிவந்து துலங்கிற்று.

தாயார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகு நேரம் பார்த்தார். இரண்டு சதுரங்களையும் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒத்துப் பார்த்தார். திரும்ப அவற்றை அந்தந்த இடத்தில் வைத்தார். மறுபடியும் எடுத்து ஒத்துப் பார்த்தார்.

"அந்தப் பாட்டி போய் எத்தனையோ வருஷமாகிறது. இருந்தால் இதைக் காட்டலாம்" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகளின் பச்சைப் புடவையைக் கேட்டு வாங்கி உடுத்திக்கொண்டு, வடக்கு ஜன்னலருகே வந்து உட்கார்ந்தார். எட்டு ஞாயிற்றுக்கிழமைகள் வேலை நடந்தது. கறுத்த மேனியிலே இத்தனை வர்ணங்களா என்று ஆச்சரியமாயிருந்தது. நெற்றியில் பளபளக்கும் இடம் தோலின் நிறமே அல்ல. ஜன்னலுக்கு வெளியே உள்ள ஆகாயத்தின் நீலம் அது. கன்னத்துப் பள்ளத்தில் புடவையின் பச்சை லேசாக ஏறியிருந்தது. காது மடலிலும் மூக்கு நுனியிலும் உள்ளிருந்து ரத்தம் தெரிந்தது. வெளிச்சத்துக்காக வெறும் வெள்ளையைக் கலந்தால் இந்த மேனி சாம்பல் பூத்துவிடும் என்று டிராயிங் மாஸ்டர் எச்சரித்திருந்தபடியால், வெள்ளையோடு மஞ்சள் காவியையும் சேர்த்தோம். சுட்ட காவி குழாய் குழாயாகச் செலவாயிற்று. நிழல்களில் கிரிம்ஸன் சிவப்பும் தாராளமாகப் போயிற்று. தாயார் கேட்டபடி சிவப்பாகத்தான் போட்டிருக்கிறோம். அவர் கேட்ட சிவப்பு வேறு என்றாலும் வார்த்தை தவறவில்லை!

முகத்தைவிட அதிகக் காலம் எடுத்தது பின்னணி. ஜன்னலோரத்துச் சுவர் வெள்ளை. அதை அப்படியே எழுதினால் முகம் இருண்டுபோகும். சுவரை வெள்ளையென்று நாம் அறிந்திருப்பது வேறு, மாலை நிழலில் அது நிஜமாகவே நீலம் பாய்ந்த சாம்பலாயிருப்பது வேறு. மாலையில் போய்ப் பார்த்து அந்தச் சாம்பலை எழுதினோம். முகத்தில் ஒரு கோடுகூட மாற்றாமலே முகம் முன்னுக்கு வந்துவிட்டது. அந்தத் தருணத்துக்காக எட்டு என்ன, எண்பது ஞாயிற்றுக்கிழமைகளும் கொடுக்கலாம்.

படம் முடிந்து மூன்று மாதம் ஆகிறது. புடவை இன்னும் மருமகளின் பெட்டிக்குத் திரும்பவில்லை. படத்தைக் கூடத்தில் மாட்டிய அன்று தாயார் அதன் எதிரே நின்று நிதானமாகப் பார்த்தார். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.

"மூக்கைத்தான் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டாய்" என்றார்.

மூக்கை நாம் அளவெடுத்துத்தான் போட்டிருக்கிறோம். ஆனால் அந்த வழக்கில் ஷெவ்ரலைச் சாட்சிக்கு அழைக்க முடியாது.